வீட்டு டார்க்ரூம் கழிவு: மதுரைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

பாத்ரூமையோ மாடி அறையையோ இருட்டாக்கி, ஃபிலிமையும் பிரிண்டையும் வீட்டிலேயே கழுவுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கறுப்பு வெள்ளை பற்றித்தான் பெரும்பகுதி. கலர் கெமிக்கல் பற்றியும், மூடிப்போன ஸ்டுடியோக்களில் கிடைக்கும் பழைய பாட்டில்கள் பற்றியும் பிற்பகுதியில் சொல்லியிருக்கிறேன்.

வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் பாத்ரூமில் ஊற்றித் தண்ணீர் விட்டால் போதாதா?

போதாது. அதற்கு முன்னால் உங்கள் பாத்ரூம் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். வெளிநாட்டு டெவலப்பர் (ஃபிலிமில் படத்தைத் தெரிய வைக்கும் கெமிக்கல்) பாக்கெட்டில் “சிறிய அளவை வடிகாலில் விடலாம்” என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த வடிகால் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் போய் முடிகிறது என்ற நம்பிக்கையில் எழுதியது அது. நம் ஊரில் பல வீடுகளுக்கு அந்த நம்பிக்கை பொருந்தாது.

மதுரையில் மூன்று விதமான வீடுகள் உண்டு. முதலாவது, பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள வீடு. அந்தக் கழிவுநீர் அவனியாபுரம் வெள்ளைக்கல்லிலோ சக்கிமங்கலத்திலோ உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். இரண்டாவது, செப்டிக் டேங்க் உள்ள வீடு. மூன்றாவது, தெரு வாறுகாலில் விடும் வீடு. வாறுகாலில் விட்ட தண்ணீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போகலாம், கிருதுமால் நதியில் கலக்கலாம், பக்கத்துக் கண்மாயிலும் போய் நிற்கலாம். வழியில் அதை யாரும் சுத்தம் செய்வதில்லை.

நான்காவதாக ஒரு வகையும் இருக்கிறது, அதுதான் பலரை ஏமாற்றுவது. கழிப்பறை மட்டும் செப்டிக் டேங்குக்குப் போகும், குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் தனிக் குழாயில் வாறுகாலுக்குப் போகும். வீட்டுக்காரருக்கே இது தெரிந்திருக்காது.

என் வீடு எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வரி ரசீதைப் பாருங்கள். பாதாளச் சாக்கடைக் கட்டணம் என்று தனியாக ஒரு வரி இருந்தால் இணைப்பு இருக்கிறது என்று அர்த்தம். 2011-இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது சேர்ந்த புறப்பகுதிகளுக்கு இந்த வேலை பின்னால்தான் வந்தது. அதனால் பக்கத்துத் தெருவில் மேன்ஹோல் மூடி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ரசீதில் தெளிவில்லை என்றால் ஒரு ஸ்பூன் கேசரிப் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, நீங்கள் கெமிக்கல் ஊற்ற நினைக்கும் அதே துளையில் ஊற்றுங்கள். இன்னொருவரை வாசலில் வாறுகாலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆரஞ்சு நிறம் அங்கே வந்தால் அந்தத் துளையில் ஒரு சொட்டு ஹைப்போகூட (படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர்) விடக்கூடாது. வாஷ்பேசின், பாத்ரூம், சமையலறை, கழிப்பறை நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே வீட்டில் நான்கும் வேறு வேறு இடத்துக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இதில் உண்மையிலேயே ஆபத்தானது எது? டெவலப்பரா, ஸ்டாப் பாத்தா, ஹைப்போவா?

மூன்றுக்கும் மூன்று குணம்.

ஸ்டாப் பாத் என்பது டெவலப்பரின் வேலையை நிறுத்தும் நீர்த்த அசிட்டிக் ஆசிட், சிலர் சிட்ரிக் ஆசிட் போட்டுக்கொள்வார்கள். வினிகரைவிடவும் பலம் குறைவு. பயன்படுத்திய பிறகு பாதி செத்துப்போயிருக்கும். இதனால் பெரிய கவலை இல்லை.

டெவலப்பரில் மெட்டால், ஃபெனிடோன் என்ற மருந்துகளில் ஒன்று இருக்கும், பெரும்பாலும் கூடவே ஹைட்ரோகுவினோன், சோடியம் சல்ஃபைட், காரத்துக்குப் போராக்ஸோ சோடாவோ இருக்கும். டி-76 மாதிரிக் கலவையில் ஒரு லிட்டருக்கு 2 கிராம் மெட்டால், 5 கிராம் ஹைட்ரோகுவினோன், 100 கிராம் சல்ஃபைட். ஹைட்ரோகுவினோன் மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் கொடிய நஞ்சு, மிகக் குறைந்த அளவிலேயே கொல்லும். நல்ல விஷயம், அது காற்றுப் பட்டால் சிதையும், சுத்திகரிப்பு நிலையத்தின் பாக்டீரியாவும் அதைத் தின்றுவிடும். சல்ஃபைட் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். சுத்திகரிப்பு நிலையத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கோடையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் கண்மாய்க்கு அப்படியில்லை.

பயன்படுத்திய ஹைப்போதான் முக்கியம். புது ஹைப்போவில் வெறும் தயோசல்ஃபேட்தான். மீன் தொட்டிக் கடையில் குளோரின் போக்க விற்கும் அதே படிகம். ஃபிலிமில் வெளிச்சம் படாத வெள்ளி உப்பு முழுக்க அதில் கரைந்த பிறகு கதை மாறிவிடுகிறது. ஓய்ந்துபோன ஹைப்போவில் லிட்டருக்குச் சில கிராம் வெள்ளி இருக்கும். தயோசல்ஃபேட்டோடு கட்டுண்டிருக்கும்வரை அந்த வெள்ளியின் நஞ்சு குறைவு என்பது உண்மை. ஆனால் அது உலோகம், டெவலப்பர் போலச் சிதைந்து மறைய அதற்கு வழி கிடையாது. போன இடத்தில் தங்கும், சேற்றில் சேரும். ஆகவே வீட்டைவிட்டு வெளியே போகும் முன் அதைப் பிடித்துவிட வேண்டும்.

டெவலப்பரை எப்படி அப்புறப்படுத்துவது?

பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் எளிது. அன்றைக்குப் பயன்படுத்திய டெவலப்பரையும் அன்றைய ஸ்டாப் பாத்தையும் ஒரே வாளியில் ஊற்றுங்கள். ஒன்று காரம், ஒன்று அமிலம். ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். பிரிண்ட் டெவலப்பரில் கார்பனேட் இருப்பதால் பொங்கி நுரைக்கும், வருவது கரியமிலவாயு. பயப்பட வேண்டாம், ஆனால் வாளியை மூடாதீர்கள். கேனில் ஊற்றி மூடியை இறுக்கினால் கேன் உப்பி வெடிக்கும், மதுரை வெயிலில் அதற்கு அதிக நேரம் ஆகாது.

காற்றோட்டமான இடத்தில் ஓரிரு நாள் திறந்து வையுங்கள். காப்பி நிறத்துக்கு வந்துவிடும், டெவலப்பர் ஆக்சிஜன் ஏறிச் செத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். குழந்தை, நாய், பூனை நெருங்காத இடமாக இருக்கட்டும். அப்புறம் வீட்டில் குளிக்கிற, துணி துவைக்கிற நேரமாகப் பார்த்து, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது மெதுவாக விடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்று நான் வைத்திருக்கிறேன்.

இந்த வாளியில் ஹைப்போவைக் கலக்காதீர்கள். ராபிட் ஃபிக்ஸர் என்ற வேகமான ஹைப்போவில் இருப்பது அமோனியம் தயோசல்ஃபேட். காரமான டெவலப்பரோடு சேர்ந்தால் அமோனியா கிளம்பும், சின்ன பாத்ரூமில் கண்ணைத் திறக்க முடியாது. அதோடு, ஒன்றாகக் கலந்துவிட்டால் வெள்ளியைப் பிரிப்பதும் கெட்டுப்போகும்.

ஹைப்போவிலிருந்து வெள்ளியை வீட்டிலேயே பிரிக்க முடியுமா?

முடியும். இரும்பு நார் போதும். இரும்பு கரைசலுக்குள் போகும், வெள்ளி வெளியே வந்து கறுப்பு வண்டலாகப் படியும். பெரிய லேப்களில் இதே வேலைக்கு இரும்பு நார் அடைத்த உருளைகளை வைத்திருப்பார்கள், மின்பகுப்பும் செய்வார்கள்.

பலர் தடுக்கி விழுவது நார் வாங்கும் இடத்தில்தான். பாத்திரம் தேய்க்க மளிகைக்கடையில் வாங்கும் சுருள் சுருளான பளபள ஸ்க்ரப்பர் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அது ஹைப்போவில் ஒரு வாரம் கிடந்தாலும் அப்படியே பளபளக்கும், ஒன்றும் நடக்காது. ஹார்டுவேர் கடையிலோ பாலிஷ் சாமான் விற்கும் கடையிலோ மர பாலிஷுக்கென்று மெல்லிய ஸ்டீல் வுல் விற்பார்கள், அதுதான் வேண்டும். காந்தம் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சில ஸ்டெயின்லெஸ் வகைகளிலும் காந்தம் ஒட்டும். ஒரு துணுக்கை நனைத்து இரவு முழுக்க வெளியே வையுங்கள். காலையில் துருப்பிடித்திருந்தால் அது இரும்பு.

துருப்பிடிக்காமலிருக்க அந்த நாரில் எண்ணெய் தடவியிருப்பார்கள். பாத்திர சோப்பும் வெந்நீரும் விட்டு நன்றாகக் கசக்கிக் கழுவுங்கள். எண்ணெய் இருந்தால் ஹைப்போ நாரைத் தொடவே தொடாது.

இனி செய்முறை. மூடியுள்ள ஒரு பழைய பெயின்ட் வாளியை எடுத்துக்கொள்ளுங்கள், உலோக வாளி கூடாது. லிட்டருக்கு ஒரு கைப்பிடி நாரை உதிர்த்து, பந்தாக அமுக்காமல் போடுங்கள். ஹைப்போ நாருக்கு மேலே நிற்க வேண்டும். மூடியைச் சும்மா மேலே வைத்து, நிழலில், வீட்டுக்கு வெளியே இரண்டு மூன்று நாள் விடுங்கள். அவ்வப்போது ஒரு குச்சியால் கிளறிக்கொடுங்கள். சில மணி நேரத்திலேயே நார் சாம்பல் நிறமாகும், பிறகு கறுக்கும், பிறகு குச்சி பட்டாலே நொறுங்கும். கரைசல் பழுப்பாகிவிடும், அடியில் கரி போல வண்டல் சேரும்.

கரைசல் லேசான அமிலமாக இருக்கும்போது இது நன்றாக நடக்கும். சாதாரண ஆசிட் ஃபிக்ஸருக்கு ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை. அமிலமில்லாத வெறும் ஹைப்போ என்றால் பயன்படுத்திய ஸ்டாப் பாத்தைக் கொஞ்சமாகச் சேர்க்கலாம். அதற்கு மேல் அமிலம் எதுவும் வேண்டாம்.

வெள்ளி முழுக்க வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

வயரிங் வேலையில் மிஞ்சிய செம்புக் கம்பி ஒரு துண்டு போதும். உறையை உரித்து, உப்புத்தாளில் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, கரைசலில் சில நிமிடம் முக்கி வையுங்கள். வெளியே எடுக்கும்போது செம்பு நிறம் மறைந்து சாம்பல் வெள்ளைப் பூச்சு படிந்திருந்தால் இன்னும் வெள்ளி இருக்கிறது. புது நார் போட்டு இன்னும் ஒரு நாள் விடுங்கள். கம்பி செம்பாகவே வந்தால் வேலை முடிந்தது. முதல் தடவை, நார் போடுவதற்கு முன்னால் ஒரு கம்பியும் முடிந்த பிறகு ஒரு கம்பியும் முக்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கப்புறம் உங்களுக்கே கண் பழகிவிடும்.

அந்த வண்டலை என்ன செய்வது? விற்றால் காசு வருமா?

தெளிந்த மேல்நீரை இறுத்து, மிச்சத்தைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, துணியோடு காயவிடுங்கள். காய்ந்த பொடியை அகலவாய் பாட்டிலில் போட்டு, “வெள்ளி வண்டல்” என்று எழுதி வையுங்கள். அது கெட்டுப்போகாது, ஒவ்வொரு தடவையும் அதிலேயே சேர்த்துக்கொண்டு போகலாம்.

காசு ஆசையில் இதில் இறங்க வேண்டாம். 36 படம் எடுக்கும் ஒரு ரோலில் இருக்கும் மொத்த வெள்ளியே ஒரு கிராமில் சிறு பங்குதான். பாட்டில் நிறைந்தால் தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் நகைத் தொழிலில் இருக்கும் தெரிந்தவரிடம், பழைய வெள்ளியைச் சுத்தம் செய்பவர் யார் என்று கேட்டுக் கொடுங்கள். ஹைப்போவிலிருந்து வந்தது, இரும்பும் கந்தகமும் கலந்திருக்கும் என்பதை மறைக்காமல் சொல்லிக் கொடுக்க வேண்டும். உருக்குகிறவரின் மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம் அது.

வீட்டில் நீங்களே உருக்கவோ நைட்ரிக் ஆசிட்டில் கரைக்கவோ முயலாதீர்கள். முதலாவதில் கந்தகப் புகை வரும். இரண்டாவதில் வரும் செம்பழுப்புப் புகை அப்போதைக்கு ஒன்றும் செய்யாதது போலிருந்து, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்க வைக்கும்.

வெள்ளி எடுத்த ஹைப்போவை?

பாதாளச் சாக்கடை வீடென்றால் டெவலப்பரைப் போலவே, நிறையத் தண்ணீரோடு, மெதுவாக. டெவலப்பர் விட்ட நாளில் இதை விட வேண்டாம். கொஞ்சநஞ்சம் தப்பிய வெள்ளி சுத்திகரிப்பு நிலையத்தில் சில்வர் சல்ஃபைடாக மாறிக் கசடோடு படிந்துவிடும். ஆனாலும் வாளி வாளியாக விடக்கூடாது. காற்றில்லாத சாக்கடைக் குழாயில் பாக்டீரியா தயோசல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். மேன்ஹோலுக்குள் மனிதரைக் கொல்கிற வாயு அதுதான். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடைக்குள் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பிறகும் ஆட்கள் இறங்கிக்கொண்டும் இறந்துகொண்டும் இருக்கிறார்கள். நாம் விடுகிற ஒரு லிட்டரால் அந்த நிலை வரப்போவதில்லை. என்றாலும் மூடியைத் திறக்கிற கை யாருடையது என்ற நினைப்போடுதான் ஊற்ற வேண்டும்.

எங்கள் வீடு ஊருக்கு வெளியே. செப்டிக் டேங்க்தான். என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. செப்டிக் டேங்கில் எதையும் விடாதீர்கள் என்பதே என் பதில். அந்தத் தொட்டி பாக்டீரியாவால் ஓடுகிறது. சுத்திகரிப்பு நிலையம் போல நிறையத் தண்ணீர் இல்லாத அந்தச் சிறு தொட்டியில் வெள்ளியும் ஹைட்ரோகுவினோனும் பாக்டீரியாவைக் கொல்லும். அப்புறம் தொட்டியிலிருந்து வழியும் நீர் உறிஞ்சுகுழி வழியாக மண்ணுக்குள் போகும். திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் அரை கிரவுண்ட் மனையில் உறிஞ்சுகுழிக்குச் சற்றுத் தள்ளியே போர் போட்டிருப்பார்கள். உங்கள் போர் இல்லாவிட்டால் அடுத்த வீட்டுப் போர். அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

செய்யக்கூடியது இது. இரண்டு 5 லிட்டர் கேன் வாங்குங்கள். ஒன்றில் சமன் செய்து, காற்றாடி, நுரை அடங்கிய டெவலப்பரும் ஸ்டாப் பாத்தும். இன்னொன்றில் வெள்ளி எடுத்த ஹைப்போ. கேன் நிறைந்ததும் நகருக்குள் பாதாளச் சாக்கடை இணைப்புள்ள நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோய், அவரிடம் விவரம் சொல்லி, நாளுக்குக் கொஞ்சமாக அவர் வீட்டுக் கழிப்பறையில் விடச் சொல்லுங்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று ரோல் கழுவுகிறவருக்கு ஒரு கேன் நிறையச் சில மாதம் ஆகும். அப்படி நண்பர் யாரும் இல்லையென்றால் ஃபிலிமை நகரத்துக்குக் கொண்டுவந்து கழுவுங்கள், கெமிக்கல் கிராமத்துக்குப் போகவே வேண்டாம். கைவிட்டு ஃபிலிம் ஏற்றும் இருட்டுப் பையும் ஃபிலிம் கழுவும் டேங்கும் எங்கே வைத்தாலும் வேலை செய்யும்.

தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றலாமா? ஹைப்போவில் அமோனியாவும் கந்தகமும் உரம்தானே?

ஊற்றக் கூடாது. கூடவே வெள்ளியும் சோடியமும் புரோமைடும் போரானும் போகும். நம் பக்கத்து மண்ணில் ஏற்கெனவே உப்புக்குக் குறைவில்லை.

கண்மாய் வற்றிக் கிடக்கிறது. மண்ணில் ஊற்றினால் வெயிலில் ஆவியாகிவிடாதா?

தண்ணீர் மட்டும் ஆவியாகும், மற்றதெல்லாம் மண்ணிலேயே இருக்கும். ஐப்பசி மழையில் கண்மாய் நிறையும்போது அது கரையும். அங்கேதான் மாடு குடிக்கிறது, மீன்பிடி நடக்கிறது.

பாத்ரூம் கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர் இவற்றோடு சேர்ந்தால் என்ன ஆகும்?

பாத்ரூமையே இருட்டறையாக வைத்திருப்பவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஹைப்போவில் பாத்ரூம் ஆசிட் பட்டால் சல்ஃபர் டை ஆக்சைடு கிளம்பும், கரைசல் பால் போல மஞ்சளாகத் திரியும். ஆஸ்துமா உள்ளவருக்கு அந்தப் புகை பெரிய ஆபத்து. பிளீச்சிங் பவுடரோ வெண்மையாக்கும் திரவமோ ஸ்டாப் பாத்தோடு சேர்ந்தால் குளோரின் வரும். அமோனியம் உள்ள ஃபிக்ஸரோடு சேர்ந்தால் குளோரமைன். கெமிக்கல் ஊற்றிய அன்று பாத்ரூமை வெறும் தண்ணீராலும் சோப்பாலும் மட்டும் கழுவுங்கள். வீட்டில் கழுவுகிறவர் வேறு ஆள் என்றால், வேலைக்கு வரும் அம்மாவாக இருந்தால் இன்னும் கட்டாயமாக, அன்று ஆசிட் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஃபிலிம் கழுவிய கடைசித் தண்ணீர்?

ஹைப்போவை எடுத்தபின் டேங்கில் ஊற்றும் முதல் தண்ணீரில்தான் ஒட்டிக்கொண்டு வந்த வெள்ளி அதிகம். அதை மட்டும் ஹைப்போ வாளியில் சேர்த்துவிடுங்கள். மற்றதைப் பாதாளச் சாக்கடையில் விடலாம்.

குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் கழுவ வேண்டும் என்பதில்லை. இல்ஃபோர்ட் ஃபிலிம் கம்பெனி சொல்லும் முறையில் டேங்கை நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டுவது, மறுபடி நிரப்பி 10 தடவை, மறுபடி 20 தடவை. மூன்று டேங்க் தண்ணீரில் முடிந்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருக்களில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கழிவையே குறைக்க வழி உண்டா?

உண்டு. தேதி பார்த்து ஹைப்போவைக் கொட்டாதீர்கள். ஃபிலிமின் நாக்கை (சுருளிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் முனையை) வெட்டி ஹைப்போவில் போட்டு, எத்தனை நொடியில் கண்ணாடி போலத் தெளிகிறது என்று பாருங்கள். புது ஹைப்போவில் ஆன நேரத்தைப் பாட்டிலிலேயே எழுதி வையுங்கள். அதைப்போல இரண்டு மடங்கு ஆகும்வரை அதே ஹைப்போ ஓடும். டெவலப்பரில் கெட்டியாக வாங்கி 1:50 என்று கலந்து ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வகை உண்டு. 300 மில்லி டேங்குக்கு ஏறத்தாழ 6 மில்லிதான் ஆகும். வைட்டமின் சி அடிப்படையிலான டெவலப்பர்களில் ஹைட்ரோகுவினோன் இருக்காது, முடிந்தால் அதற்கு மாறுங்கள்.

இன்ஸ்டன்ட் காப்பித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி மூன்றையும் கலந்து டெவலப் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கழிவைச் சமாளிப்பது எளிது. ஆனால் அதற்குப் பின்னாலும் ஹைப்போ வேண்டும், வெள்ளி வெள்ளிதான்.

நம் ஊர்ச் சூட்டையும் கணக்கில் வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறையில் வைத்த கலவை சீக்கிரம் கெடும். ஹைப்போவில் மஞ்சள் தூள் மிதந்தால் கந்தகம் பிரிந்துவிட்டது, கதை முடிந்தது. தேவைக்கு மட்டும் கலந்து, வீட்டிலேயே குளிர்ந்த மூலையில் வைத்தால் வீணாகக் கொட்ட வேண்டி வராது.

கேன் வாங்கக் காசு எதற்கு, கூல்டிரிங்க்ஸ் பாட்டில் போதாதா?

தயவுசெய்து வேண்டாம். ஆக்சிஜன் ஏறிய டெவலப்பர் பார்ப்பதற்கு அச்சு அசலாகக் கோலா மாதிரியே இருக்கும். ஹைப்போ பன்னீர் சோடா மாதிரித் தெரியும். வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளை மூடியைத் திறந்தால் யோசிக்காது. சாப்பாட்டோடு சம்பந்தமில்லாத கேன், பெரிய எழுத்தில் தமிழில் பெயர், பூட்டிய அலமாரி. வீட்டில் எழுத்துத் தெரியாத பெரியவர் இருந்தால் மண்டை ஓட்டுப் படமும் ஒட்டுங்கள்.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு ராஜாஜி அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து அவசரப் பிரிவுக்கோ போங்கள். என்ன கெமிக்கல் என்று பார்த்த உடனே மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

கையுறை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நைட்ரைல் கையுறை போடுங்கள். மெட்டாலால் சிலருக்குத் தோலில் அரிப்பும் வெடிப்பும் வரும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் வரும்.

வீட்டில் கலர் நெகடிவ் கழுவினால்?

சி-41 (கலர் நெகடிவ் கழுவும் முறை) கிட்டில் வரும் பிளீச்சும் ஃபிக்ஸரும் சேர்ந்த கரைசலில் நிறைய வெள்ளி இருக்கும், ஆனால் இரும்பு நார் முறை அங்கே சரியாக வராது. அதிலிருக்கும் பிளீச் நாரையே அரித்துத் தின்றுவிடும். ஈடிடிஏ என்ற பொருளும் அதில் உண்டு, அது எளிதில் மட்காது, உலோகங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும். கலர் ஃபிலிம் கழுவும் மெஷின் இன்னும் ஓடுகிற லேப் தெரிந்தால் அவர்கள் கழிவோடு சேர்த்துக்கொள்வார்களா என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டு, அப்புறம் கிட் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் கலரை லேபுக்கே அனுப்புங்கள், கறுப்பு வெள்ளையை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிண்டின் நிறத்தை மாற்றும் டோனர்கள்?

செலினியம் டோனரைக் கொட்டவே வேண்டாம். காப்பி வடிகட்டும் தாளில் வடிகட்டி, பலம் குறையும்போது புதிதாகக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டே போனால் ஆண்டுக்கணக்கில் ஓடும். அழுகிய முட்டை வாடை வரும் சல்ஃபைடு செபியா டோனரில் அமிலம் படக்கூடாது, பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். ஸ்டாப் பாத் இருக்கும் அறையிலேயே அதை வைக்காதீர்கள்.

சயனோடைப் என்ற நீல பிரிண்ட் செய்கிறவர்களுக்கு: நீலம் கழுவிய தண்ணீரில் பெரிய ஆபத்து இல்லை, பாதாளச் சாக்கடையில் விடலாம். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு பொடியை மட்டும் கடுமையான அமிலத்துக்கும் சூட்டுக்கும் அருகில் கொண்டுபோகாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் சயனைடு வாயு பிரியக்கூடும்.

தாத்தாவின் ஸ்டுடியோவைக் காலி செய்கிறோம். பழைய பாட்டில்கள் நிறையக் கிடக்கின்றன.

முதல் வேலை, எதையும் திறந்து மோந்து பார்க்காதீர்கள். ஒன்றோடொன்று கலக்காதீர்கள். வீட்டைக் காலி செய்கிற அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டிக் காயலாங்கடைக்குப் போடுவது நடக்கிறது. சாக்கைத் தூக்குகிறவர் தோளில் அது வழிந்தால் யார் பொறுப்பு?

ஜன்னலைத் திறந்துவிட்டு, கையுறை போட்டு, லேபிள் தெரியும்படி ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். ஹைப்போ, சோடா, சல்ஃபைட், போராக்ஸ், டெவலப்பர் பாக்கெட்டுகள் ஒரு பக்கம். பாக்கெட் உடையாமல் இருந்தால் ஃபிலிம் கழுவுகிற யாராவது சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். கிளேஷியல் அசிட்டிக் ஆசிட், ஃபார்மலின் தனியாக. சில்வர் நைட்ரேட் தனியாக, கையில் பட்டால் கறுத்துப்போகும். அமோனியா கலந்த வெள்ளிக் கரைசல் என்று எழுதியிருந்தாலோ, பாட்டில் வாயில் கறுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தாலோ அசைக்க வேண்டாம். அது வெடிக்கும் தன்மையுள்ள பொருளாக மாறியிருக்கலாம்.

பொட்டாசியம் டைக்ரோமேட், ஆரஞ்சு நிறப் படிகம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. மெர்க்குரிக் குளோரைடு, வெளுத்த நெகடிவை ஏற்றிக் காட்ட அந்தக் காலத்தில் பயன்பட்டது, கொடிய நஞ்சு. சயனைடு என்று எழுதிய பாட்டிலும் கிடைக்கலாம். இவற்றையும் லேபிள் இல்லாத எதையும் நீங்களே அப்புறப்படுத்த முயலாதீர்கள். படங்களோடு மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். தெரிந்த கல்லூரி வேதியியல் பேராசிரியர் இருந்தால் அவரையும் கூட்டி வந்து காட்டுங்கள். பதில் வரும்வரை பூட்டிய அறையில், அமிலத்தையும் சயனைடையும் வேறு வேறு மூலையில் வைத்திருங்கள்.

காலி பாக்கெட், பாட்டில், நொறுங்கிய நார் இதையெல்லாம் குப்பை வண்டியில் போடலாமா?

2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, டியூப்லைட், பேட்டரி போன்றவற்றை வீட்டு அபாயகரக் கழிவு என்று தனியே பிரித்தன. டார்க்ரூம் டப்பாக்களையும் அப்படித்தான் நடத்த வேண்டும். மூன்று தடவை அலசி, அலசிய தண்ணீரை அந்தந்த வாளியில் சேர்த்து, டப்பாவைத் துளையிட்டுவிடுங்கள், யாரும் எண்ணெய் ஊற்றி வைக்காமலிருக்க. நொறுங்கிய நாரில் வெள்ளி இருக்கிறது, அது வண்டல் பாட்டிலுக்குப் போகும். சிந்தியதைத் துடைத்த மரத்தூள், துணி எல்லாவற்றையும் தடித்த பையில் கட்டி, மேலே என்ன என்று எழுதுங்கள். வண்டி வரும்போது மக்கும் குப்பையோடு போடாமல், தூய்மைப் பணியாளரின் கையிலேயே கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பலருக்குக் கையுறை இருப்பதில்லை. திரவம் எதையும் அவரிடம் கொடுக்காதீர்கள்.